சங்கு ஊதிய பிறகு: கீஸ்லோவ்ஸ்கியின் ‘அமாத்தோர்’

கீஸ்லோவ்ஸ்கி என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு ‘மூன்று வண்ணங்கள்’தான் நினைவுக்கு வரும். இன்னும் கொஞ்சம் தேடிப் பார்க்கிறவர்கள் ‘டெக்கலாக்’ வரைக்கும் போவார்கள். ‘நீல’த்தில் ஜூலியட் பினோஷ் சர்க்கரைக் கட்டியைக் காபியில் நனைக்கிற அந்தச் சில நொடிகளைப் பற்றி எழுதியவற்றை மட்டும் தொகுத்தாலே தனிப் புத்தகம் போடலாம். எனக்கு அதில் புகார் ஒன்றும் இல்லை. ஆனால் 1979இல் வந்த ‘அமாத்தோர்’ என்ற படம் இந்தப் பேச்சில் எப்போதும் பின்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதில் அழகான முகங்கள் இல்லை. மனதை உருக்கும் இசை இல்லை. ஒரு சின்ன ஊர், ஒரு ஆலை, அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு, சொந்தக் குழந்தையைப் படம் பிடிக்க ஆசைப்பட்ட ஒரு ஆள். அவ்வளவுதான் முதல் பார்வைக்கு.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கதை தெரிந்துவிட்டால் கெட்டுப்போகிற படம் இல்லை இது. ஃபிலிப் மோஷ் ஆலையில் கொள்முதல் வேலை பார்க்கிறவன். அநாதையாக வளர்ந்தவன். இப்போது மனைவி இர்கா, வீடு, பிறக்கப்போகிற குழந்தை. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைக்கிறவன். குழந்தை வளர்வதைப் பதிவுசெய்து வைக்கலாமே என்று சோவியத் தயாரிப்பான ஒரு 8 மில்லிமீட்டர் கேமராவை, சம்பளத்துக்கு மீறிய விலை கொடுத்து வாங்குகிறான். ஊரில் கேமரா இருக்கிற ஆள் என்று தெரிந்ததும் ஆலை இயக்குநர் கூப்பிட்டு, ஆலையின் 25ஆம் ஆண்டு விழாவைப் படம் எடுத்துக் கொடு என்கிறார். அங்கே ஆரம்பிக்கிறது வினை. விழாப் படம் அமெச்சூர் திரைப்பட விழாவுக்குப் போய் மூன்றாம் பரிசு வாங்குகிறது. பிறகு தொலைக்காட்சி. பிறகு இர்கா வீட்டை விட்டுப் போகிறாள். ஃபிலிப்பை வளர்த்துவிட்ட ஓசுக் வேலையை இழக்கிறார். கடைசியில் வெறும் வீட்டில் ஃபிலிப் கேமராவைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பேச ஆரம்பிக்கிறான்.

இந்தப் படத்தைப் பற்றி வழக்கமாக இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஒன்று, இது தணிக்கையைப் பற்றிய படம். இன்னொன்று, இது கலைஞனின் பொறுப்பைப் பற்றிய படம். இரண்டும் சரிதான். ஆனால் இரண்டுமே ஃபிலிப்பை முதல் காட்சியிலிருந்தே கலைஞனாக எடுத்துக்கொள்கின்றன. அவன் அப்படி ஆரம்பிக்கவில்லை. அவனிடம் இருந்தது ஒரு பொழுதுபோக்கு. வேலை முடிந்த பிறகு கையில் மிஞ்சுகிற நேரத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு அவன் கண்டுபிடித்த ஒரு சின்னப் பதில். ‘அமாத்தோர்’ என்ற போலிஷ் சொல்லுக்கு அமெச்சூர் என்று பொருள், ஒன்றின் மேல் பிரியம் உள்ளவன் என்றும் பொருள். வேர்ச்சொல் லத்தீன், நேசிப்பது என்று அர்த்தம். சம்பளத்துக்காக இல்லாமல் ஆசைக்காகச் செய்கிறவன். அந்த ஆசை யாருக்குச் சொந்தம் என்பதுதான் இந்தப் படத்தின் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது.

இதைப் புரிந்துகொள்ள அன்றைய போலந்தில் ஓய்வு நேரம் எப்படி இருந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆலை என்பது வேலை பார்க்கிற இடம் மட்டும் இல்லை. வீடு ஆலை வழியாக வரும். கோடை விடுமுறைக்குத் தங்கும் இல்லம் ஆலையுடையது. பாட்டுக்குழு, நாடகக்குழு, நூலகம், பண்பாட்டு மன்றம் எல்லாம் அதைச் சேர்ந்தவை. விளையாட்டும் அப்படித்தான். ஸாப்ஷே நகரத்துக் கால்பந்து அணியின் பெயர் ‘குர்னிக்’. சுரங்கத் தொழிலாளி என்று அர்த்தம். வார்சாவின் ‘லெகியா’ ராணுவத்தின் அணி. சாயங்காலம் பந்து உதைக்கப் போனாலும் நீ யாருடைய ஆள் என்பது சட்டையிலேயே எழுதியிருக்கும். கத்தோவீட்சே பக்கத்து மலையேற்றக்காரர்கள் இதில் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். கயிற்றில் தொங்கி ஆலைப் புகைபோக்கிகளுக்குச் சாயம் பூசிக் கிடைத்த காசில் இமயமலைக்கு வண்டி ஏறினார்கள். எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட 14 சிகரங்களையும் 1987இல் ஏறி முடித்த யெர்ஸி குக்குச்கா அந்தப் புகைபோக்கிக் கூட்டத்தில் ஒருவர்தான். இமயத்துக்குப் போகிற வழிகூட ஆலையின் தலைக்கு மேலேதான் போயிருக்கிறது.

அதே ஏற்பாட்டில் பிறந்தவைதான் அமெச்சூர் திரைப்பட மன்றங்கள். ஐம்பதுகளிலிருந்து ஆலைகளிலும் சுரங்கங்களிலும் இப்படி மன்றங்கள் முளைத்தன. கேமரா, ஃபிலிம் சுருள், எடிட்டிங் மேசை எல்லாம் நிறுவனத்தின் செலவு. எடுக்கிறவர்கள் மெக்கானிக்குகள், எழுத்தர்கள், எலெக்ட்ரீஷியன்கள். அவர்களுக்கென்று தனி விழாக்கள், நடுவர்கள், பரிசுகள். ஹிபியே என்ற ஊரின் சர்க்கரை ஆலையில் ‘க்ளாப்ஸ்’ என்ற மன்றத்தை நடத்திவந்த ஃப்ரான்சிஷெக் ஜிதாதான் ஃபிலிப் மோஷுக்கு முன்மாதிரி என்பார்கள். 2004இல் நீல் கம்மிங்ஸ், மரிஷா லெவாண்டோவ்ஸ்கா என்ற இரண்டு கலைஞர்கள் இந்த மன்றங்களின் பழைய படச்சுருள்களைத் தேடிச் சேகரித்து வார்சாவில் ‘ஆர்வலர்கள்’ என்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். படங்களை அவர்கள் பிரித்த தலைப்புகள்: காதல், ஏக்கம், உழைப்பு. சங்கு ஊதி வெளியே வந்த பிறகும் உழைப்பு விடவில்லை, பாருங்கள்.

இன்னொரு விஷயமும் இங்கே முக்கியம். படம் வந்த காலத்தில் போலந்தில் எல்லாச் சனிக்கிழமையும் விடுமுறை கிடையாது. அடுத்த வருஷம், 1980 ஆகஸ்டில், க்தான்ஸ்க் கப்பல்தளத் தொழிலாளர்கள் 21 கோரிக்கைகள் எழுதி வைத்தார்கள். முதல் கோரிக்கை சுதந்திரத் தொழிற்சங்கம். கடைசிக் கோரிக்கை, சனிக்கிழமைகள் எல்லாம் விடுமுறையாக வேண்டும் என்பது. சங்கம் சரித்திரத்தில் ஏறிவிட்டது. சனிக்கிழமையை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஃபிலிப் கேமராவோடு அலைந்தது அந்தக் கிடைக்காத சனிக்கிழமைகளுக்கு நடுவில்தான்.

இப்போது படத்துக்குள் வருவோம். ஆண்டு விழாவைப் படம் எடுக்கிற பகுதிதான் எனக்கு இந்தப் படத்திலேயே பிடித்த இடம். ஃபிலிப்புக்கு எதைப் படம் எடுக்க வேண்டும் என்று தெரியாது. அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் எடுக்கிறான். கூட்ட அறையின் ஜன்னலில் வந்து உட்காரும் புறாக்கள். கூட்டத்துக்கு நடுவில் எழுந்து கழிப்பறைக்குப் போய்வருகிற பெரியவர்கள். பாட்டுக்காரர்களுக்குக் காசு கொடுக்கிற காட்சி. இயக்குநர் படத்தைப் பார்த்துவிட்டு இதையெல்லாம் வெட்டு என்கிறார். கவனிக்க வேண்டியது, அவர் கத்தவில்லை. மிரட்டவில்லை. புறா எதுக்கு, கழிப்பறை எதுக்கு என்று வீட்டுக்குப் பெரியவர் கேட்பதுபோலத்தான் கேட்கிறார். ஃபிலிப்பிடமும் அதற்குப் பதில் இல்லை. புறா எதற்கு என்று அவனுக்கே தெரியாது. நன்றாக இருந்தது, எடுத்தான்.

‘எதற்கு’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியில்லாததுதான் பொழுதுபோக்கு. அந்தக் கேள்வி வந்த நொடியே அது வேலையாகிவிடுகிறது. அந்த அறையில் நடப்பது தணிக்கைதான், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு முன்னாலேயே ஒன்று நடந்துவிட்டது. குழந்தைக்காக வாங்கிய கேமராவை ஆலை வாடகைக்குக்கூட எடுக்கவில்லை, சுவீகாரம் எடுத்துக்கொண்டது. பிறகு மன்றம் என்று ஒன்று அமைகிறது, அறை கிடைக்கிறது, ஃபிலிம் கிடைக்கிறது, பெரிய கேமரா கிடைக்கிறது. ஃபிலிப்புக்கு ஒவ்வொன்றும் சந்தோஷம். பார்க்கிற நமக்கு ஒவ்வொன்றும் கொஞ்சம் பயம்.

பயம் என்றதும் முதல் காட்சியைச் சொல்ல வேண்டும். ஒரு பருந்து பாய்ந்து கோழியைக் கொல்கிறது. இர்காவின் கெட்ட கனவு அது. இதைப் பலரும் சிலாகித்து எழுதியிருக்கிறார்கள். கேமராதான் பருந்து, குடும்பம்தான் கோழி என்று. எனக்கு இந்த இடம் ஒட்டவில்லை. மிச்சப் படம் முழுக்கக் கீஸ்லோவ்ஸ்கி எதையும் குறியீடாக நிறுத்திவைத்துச் சுட்டிக்காட்டுவதில்லை. புறா புறாவாகவே இருக்கிறது. பருந்து மட்டும் இலக்கியத்திலிருந்து பறந்து வந்ததுபோல் இருக்கிறது. பின்னால் வரப்போகிற கீஸ்லோவ்ஸ்கி, அதாவது பாலுக்குள் விழும் துளியையும் கண்ணாடியில் விழும் ஒளியையும் வைத்து விளையாடுகிறவர், இங்கே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அதைவிடப் பெரிய குறை இர்காதான். மௌகோஷாதா ஸம்ப்கோவ்ஸ்கா நன்றாகவே நடித்திருக்கிறார். ஆனால் திரைக்கதை அவருக்குக் கொடுத்திருப்பது ஒரே ஒரு வேலை: எதிர்ப்பது. அவளுக்கு நிம்மதி வேண்டும், வீடு வேண்டும், புருஷன் வீட்டில் இருக்க வேண்டும். அவள் சாயங்காலம் என்ன செய்கிறாள்? அவளுக்குச் சனிக்கிழமை எப்படிப் போகிறது? குழந்தை பிறந்த பிறகு அவளுக்கு ஓய்வு நேரம் என்று ஒன்று இருந்ததா? படம் கேட்கவே இல்லை. ஃபிலிப் இர்காவைக் கவனிக்கவில்லை என்று குற்றம்சாட்டுகிற படம், அதே அளவுக்கு இர்காவைக் கவனிக்காமல் கடந்துபோகிறது. ஒரு ஆணின் பொழுதுபோக்கு இன்னொருத்தியின் இரண்டு மடங்கு வேலையின் மேல்தான் நிற்கிறது என்ற கணக்கு கீஸ்லோவ்ஸ்கிக்குத் தெரியாமல் இருந்திருக்காது. போட்டுக் காட்டவில்லை.

ஆனாலும் அவள் வீட்டை விட்டுக் கிளம்புகிற காட்சி இருக்கிறதே, அது படத்தை ஒரேயடியாகத் தூக்கிவிடுகிறது. சண்டை முடிந்து அவள் வாசலைக் கடந்து போகிறாள். ஃபிலிப்பின் கைகள் தானாக எழுகின்றன. விரல்களைச் சதுரமாக வைத்து, போகிறவளைச் சட்டத்துக்குள் பிடித்துப் பார்க்கிறான். அவன் கொடுமைக்காரன் இல்லை. அழுதுகொண்டே இருப்பவன்கூட ஒரு கணம் தன் அழுகையைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்வதில்லையா, அந்த மாதிரி. யெர்ஸி ஸ்டூர் அந்தக் கையை அசைக்கிற விதத்தில் கணக்குப் போட்ட நடிப்பே தெரியாது. பழக்கம் மட்டும்தான் தெரியும். குடிக்கிறவன் கை கிளாஸைத் தேடுவதுபோல.

ஃபிலிப்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நிம்மதியாகப் போகவும் படம் நம்மை விடுவதில்லை. இரண்டு காட்சிகள் குறுக்கே நிற்கின்றன. ஒன்று, நண்பன் பியோட்ரெக்கின் அம்மா. ஃபிலிப் ஏதோ எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் ஜன்னலில் நின்று கையசைத்திருக்கிறாள். பிறகு இறந்துபோகிறாள். அந்தச் சில அடி ஃபிலிமைப் பியோட்ரெக் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். ஆள் இல்லை, ஆனால் இருக்கிறாள். நீங்கள் செய்கிற காரியம் அழகானது என்கிற மாதிரி அவன் சொல்கிறான். இன்னொன்று, வாவ்ஷினியெட்ஸ். ஆலையில் 25 வருஷம் வேலை பார்த்த குள்ளமான மனிதர். அவருடைய அன்றாடத்தை ஃபிலிப் படமாக எடுக்கிறான். இயக்குநருக்கு இது பிடிக்கவில்லை. இப்படியொரு ஆளைக் காட்டினால் ஆலையைப் பற்றி என்ன நினைப்பார்கள்? ஆனால் படம் தொலைக்காட்சியில் வருகிறது. வாவ்ஷினியெட்ஸ் தன் மனைவியோடு உட்கார்ந்து தன்னைத் தானே பார்க்கிறார். அழுகிறார். 25 வருஷத்தில் அவரை யாரும் பார்த்ததில்லை. இப்போது அவரே பார்க்கிறார்.

இந்தக் காட்சியை வைத்துக்கொண்டு ‘கேமரா கெட்டது’ என்று யாரும் சொல்ல முடியாது. அதே கேமராதான் அடுத்த படத்தில் ஓசுக்கின் வேலையைப் பறிக்கிறது. ஊரின் வீடுகளுக்கு முகப்பில் மட்டும் வெள்ளையடித்திருப்பதையும் செப்பனிட வேண்டிய பணம் அங்கே போய்ச் சேராததையும் ஃபிலிப் எடுத்துத் தொலைக்காட்சிக்குக் கொடுக்கிறான். உண்மையைத்தான் காட்டினான். வெட்டு விழுந்தது இயக்குநர் கழுத்தில் இல்லை, மன்றத்தை ஆரம்பித்துவைத்து அவனுக்கு எல்லாம் செய்துகொடுத்த பெரியவர் ஓசுக்கின் கழுத்தில். பிறகு இயக்குநர் ஃபிலிப்பைக் கூட்டிக்கொண்டு போய், பணம் வேறு தேவைக்குத் திரும்பிய காரணத்தைப் பொறுமையாக விளக்குகிறார். எரிச்சலூட்டுகிற விஷயம், அவர் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. எழுபதுகளின் கடைசியில் வந்த போலிஷ் படங்களை ‘தார்மிகப் பதற்றத்தின் சினிமா’ என்று ஒரு வகையாகச் சொல்வார்கள். அதில் பல படங்களில் அதிகாரி என்றால் அதிகாரிதான், பார்த்த உடனே தெரிந்துவிடும். இங்கே அவருக்கும் ஒரு மூளை இருக்கிறது. கீஸ்லோவ்ஸ்கி தனித்து நிற்பது இந்த இடத்தில்தான்.

ஓசுக் ஃபிலிப்பைத் திட்டுவதில்லை. நீ செய்ததைத் தொடர்ந்து செய் என்கிறார். திட்டியிருந்தால் ஃபிலிப்புக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இந்த மன்னிப்பைத் தாங்க முடியாமல்தான் அவன் எடுத்து வைத்திருந்த அடுத்த படச்சுருளின் டப்பாவைத் திறந்து வெளிச்சத்தில் உருட்டிவிடுகிறான். இதை நல்ல செயல் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது தண்டனையாகத்தான் தெரிகிறது, அதுவும் தப்பான ஆளுக்கு. அந்தச் சுருளில் இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

கீஸ்லோவ்ஸ்கி இதையெல்லாம் கற்பனையில் யோசித்தவர் இல்லை. வூட்ஜ் திரைப்படப் பள்ளியில் படித்து, வருஷக்கணக்காக ஆவணப்படம் எடுத்தவர். 1977இல் ‘ஒரு இரவுக் காவலாளியின் பார்வையிலிருந்து’ என்று ஒரு குறும்படம் எடுத்தார். ஒழுங்கு, கட்டுப்பாடு, தண்டனை என்று மூச்சுக்கு மூச்சு பேசுகிற ஒரு ஆலைக் காவலாளி. அவருடைய பொழுதுபோக்கு என்ன தெரியுமா? வேலை இல்லாத நேரத்தில் ஆற்றங்கரைக்குப் போய், மீன் பிடிக்கிறவர்களிடம் அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று சோதிப்பது. சிரிப்பு வரும், கூடவே முதுகு சில்லிடும். அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் போடுவதைக் கீஸ்லோவ்ஸ்கியே எதிர்த்தார். அந்த மனிதரை ஊரே கேலி பேசும், அது அவருக்குச் செய்கிற கெடுதல் என்பது அவர் கவலை. எந்தச் சிந்தனையை எதிர்த்துப் படம் எடுத்தாரோ, அந்தச் சிந்தனை உள்ள ஆளையே காப்பாற்ற நினைத்தார். வாவ்ஷினியெட்ஸும் ஓசுக்கும் இந்தக் கவலையின் இரண்டு பக்கங்கள்.

அடுத்தது ‘ரயில் நிலையம்’, 1980. வார்சா மத்திய ரயில் நிலையத்தில் காத்திருக்கிறவர்களைப் பற்றிய சின்னப் படம். ஒருநாள் போலீஸ் வந்து எடுத்த சுருள்களை எல்லாம் வாங்கிக்கொண்டு போனது. தாயைக் கொன்று உடலைப் பெட்டியில் அடைத்து அந்த நிலையத்தில் வைத்த ஒரு பெண் அதில் பதிவாகியிருக்கிறாளா என்று தேடினார்கள். பதிவாகவில்லை. ஆனால் கேமராவைச் சற்றுத் திருப்பியிருந்தால் பதிவாகியிருக்கலாம். தனக்கே தெரியாமல் தான் போலீஸுக்கு ஆள் காட்டியிருக்கலாம் என்ற எண்ணம் அவரை ஆவணப்படத்திலிருந்தே விலகவைத்த காரணங்களில் ஒன்று என்று அவர் பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இது நடந்தது ‘அமாத்தோர்’ வந்த பிறகு. ஃபிலிப்புக்கு நடந்ததை எழுதி எடுத்து முடித்த பின்னால் அவருக்கே கிட்டத்தட்ட அது நடந்தது.

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். ஃபிலிப் கேமராவைத் தன் முகத்துக்கு எதிரே திருப்புகிறான். படம் ஆரம்பித்த அந்த இரவைச் சொல்ல ஆரம்பிக்கிறான். இர்காவுக்கு வலி வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனது. அடுத்தவரைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன்னைப் பார்க்கத் தொடங்கிவிட்டான், இது நேர்மையின் தொடக்கம் என்று இதற்குப் பொதுவாக விளக்கம் சொல்வார்கள். எனக்கு இந்த விளக்கம் வசதியாகத் தெரிகிறதே தவிர, சரியாகத் தெரியவில்லை. அவன் எதைச் சொல்கிறான் என்று கவனியுங்கள். தன் கதையை அவன் இர்காவின் வலியிலிருந்து தொடங்குகிறான். அவன் வாழ்க்கையில் படமாகாமல் மிஞ்சியிருந்த இரவு அது. அதையும் இப்போது ஃபிலிமுக்குள் கொண்டுவந்துவிட்டான். இதனால் யாருடைய வேலையும் போகாது என்பது மட்டும் உண்மை. இர்காவிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பது தெரியாது, ஏனென்றால் அவள் அங்கே இல்லை. ஸ்டூரின் முகத்தில் அந்த நேரம் தெரிவது பாவமன்னிப்புக் கேட்கிறவனின் முகம் இல்லை. கொஞ்சம் வெளிறிப்போன, ஆனால் வேலையில் இறங்கிவிட்டவனின் முகம்.

பிரியத்துக்காக ஆரம்பித்தவன் தொழில்காரனாகி முடிவதைக் கீஸ்லோவ்ஸ்கி வெற்றியாகவும் காட்டவில்லை, வீழ்ச்சியாகவும் காட்டவில்லை. படத்தின் தொடக்கத்தில் ஃபிலிப் வேண்டியது நிம்மதியை. நிம்மதியைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது என்று பாதியில் கண்டுபிடிக்கிறான். அந்தக் கண்டுபிடிப்பு பொய் இல்லை என்பதுதான் படத்தின் கசப்பு. க்ஷிஸ்டோஃப் ஸனுஸ்ஸி இதில் ஸனுஸ்ஸியாகவே வருகிறார், தன் படத்தைக் காட்டி அந்தச் சின்ன ஊர்க்காரர்களோடு பேசுகிறார். அந்தச் சாயங்காலம் ஃபிலிப்பின் கண்ணில் இருக்கிற வெளிச்சத்தைப் பார்த்தால், பேசாமல் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பா என்று அவனிடம் சொல்ல யாருக்கும் வாய் வராது.

‘அமாத்தோர்’ 1979இல் மாஸ்கோ விழாவில் முதல் பரிசு வாங்கியது. அதே வருஷம் க்தான்ஸ்க் விழாவிலும். கீஸ்லோவ்ஸ்கி அதற்குப் பிறகு 15 வருஷம் நிற்காமல் வேலை செய்தார். 1994இல் ‘சிவப்பு’ முடிந்த கையோடு, இனிமேல் படம் எடுக்கப் போவதில்லை, சும்மா உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருக்கப் போகிறேன் என்கிற மாதிரி அறிவித்தார். மசூரி ஏரிகள் பக்கத்தில் அவருக்கு ஒரு கிராமத்து வீடு இருந்தது. நிம்மதி, ஃபிலிப் முதலில் கேட்ட அதே நிம்மதி. 1996 மார்ச்சில் இதய அறுவை சிகிச்சைக்குப் பின் வார்சாவில் இறந்துபோனார். வயது 54. அப்போது அவர் தன் கூட்டாளி பியெசியேவிச்சோடு சேர்ந்து இன்னொரு மூன்று படங்களுக்குத் திரைக்கதை வேலை செய்துகொண்டிருந்தார்.